குதிரை ஆண்டில் சின்சேயிடம் போகிறீர்களா? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் மாதம் முழுக்க எனக்கு வயிறு சரியில்லை. காரணம் கிரகமும் இல்லை, குதிரையும் இல்லை. 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து நானே வாங்கிக் காய்ச்சிக் குடித்த ஒரு மூலிகைப் பொட்டலம்.

எனக்கு இரவு ஷிப்ட் வேலை. இரண்டு ஆண்டுகளாகக் காலையில் தும்மல், மூக்கடைப்பு, தூக்கமும் ஒழுங்கில்லை. 2026 பிப்ரவரி 17 அன்று சீனர்களின் குதிரை ஆண்டு பிறந்தது; பன்னிரண்டு விலங்குகளின் பெயர் ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றி வரும் கணக்கு அது. 1990 மார்ச்சில் பிறந்த நானும் குதிரைதான். வேலையிடத்துச் சீன அங்கிள் ஒருவர், "இது உன் ஆண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்" என்றார். அவர் சொன்னது சின்சேயைப் போய்ப் பார் என்ற பொருளில். சிங்கப்பூரில் சீன வைத்தியரைச் சின்சே என்பார்கள். நான் புரிந்துகொண்டது கடைக்குப் போய் ஏதாவது வாங்கு என்று. அங்கேதான் தொடங்கியது வினை.

பிறகு ஒழுங்காகப் போய்ப் பார்த்து, மூன்று முறை மருந்து வாங்கி, இப்போது மே மாதத்தில் பரவாயில்லை. இடையில் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தேனோ அதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் ஆண்டு எது என்று சரியாகப் பாருங்கள்

1954, 1966, 1978, 1990, 2002, 2014 ஆகிய ஆண்டுகளில் பிறந்தவர்கள் குதிரை. ஆனால் ஜனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ பிறந்திருந்தால் அவசரப்படாதீர்கள். சீன ஆண்டு ஜனவரி 1 அன்று பிறப்பதில்லை. 1990இல் அது ஜனவரி 27 அன்று பிறந்தது; அதற்கு முதல் நாள் வரை பிறந்தவர்கள் எல்லாரும் பாம்பு. இப்போதைய குதிரை ஆண்டு 2027 பிப்ரவரி 5 வரை ஓடும்.

தன் ஆண்டே திரும்பி வருவதைப் 'பென்மிங் நியான்' என்பார்கள். நாம் ஏழரைச் சனிக்குப் பயப்படுவதுபோல் அவர்களுக்கு இது. சிவப்பு உள்ளாடை அணிவார்கள், இடுப்பில் சிவப்புக் கயிறு கட்டுவார்கள், அந்த ஆண்டுக்கு அதிபதியான 'தாய் சுய்' என்ற தெய்வத்துக்குக் கோயிலில் வழிபாடு செய்வார்கள். குதிரைக்கு நேர் எதிரே நிற்கும் எலி ஆண்டுக்காரர்களும் இதைச் செய்வதுண்டு. விருப்பமிருந்தால் நீங்களும் செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் பக்கத்துக் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆனால் அது கோயில் காரியம். சின்சேயின் மருந்தகத்தில் என்னிடம் வயது கேட்டார்கள், தூக்கம் கேட்டார்கள், மலம் எப்படிப் போகிறது என்று கூச்சமில்லாமல் கேட்டார்கள். என்ன விலங்கு என்று யாரும் கேட்கவில்லை. பிறந்த ஆண்டின் விலங்கு உடம்பை ஏதாவது செய்யும் என்பதற்கு ஆதாரமும் கிடையாது.

2. ஆண்டின் பெயரில் விற்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள்

நான் செய்த தவறு இது. இந்த ஆண்டின் பெயர் 'பிங் வூ'. பிங் என்பது நெருப்பு, வூ என்கிற குதிரையும் நெருப்பு. "இரட்டை நெருப்பு ஆண்டு, உடம்பு கொதிக்கும், குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும்" என்று கடையில் ஒருவர் சொன்னார். நமக்கும் சூடு, குளிர்ச்சி என்றால் உடனே புரிந்துவிடுகிறதே! செவ்வந்திப்பூவும் பெயர் தெரியாத கசப்பு வேர்களும் கலந்த பொட்டலத்தைப் பத்து நாள் காய்ச்சிக் குடித்தேன். நான்காம் நாளே வயிற்றுப்போக்கு. கைகால் சில்லிட்டது. தும்மல் இரண்டு மடங்கானது.

பின்னால் சின்சே சொன்னதைக் கேட்டபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் உடம்பில் நெருப்பே இல்லையாம். இரவெல்லாம் ஏர்கான், விடியற்காலையில் ஐஸ் போட்ட மைலோ, நேரம் கெட்ட சாப்பாடு; உள்ளே இருப்பது குளிரும் ஈரமும். அதன்மேல் குளிர்ச்சி மருந்தை ஊற்றியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். சீன மருத்துவத்துக்கென்றே பழைய ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் 'பிங்' ஆண்டுக்கு உரியது நெருப்பே இல்லை, நீர். அதுவும் மிகுந்து நிற்கும் நீர். 'வூ' என்பதால் ஆண்டின் முதல் பாதியில் நெருப்பு மேலோங்கும், பின்பாதியில் வறட்சி. ஆக, அந்தக் கணக்கை நம்புகிறவர்களுக்கே இரட்டை நெருப்பு என்பது பாதி உண்மைதான். நம்பாதவர்களுக்கு 68 வெள்ளி நஷ்டம்.

நம் சூடும் அவர்கள் சூடும் ஒன்று என்றும் எண்ணிவிடாதீர்கள். நண்டு நமக்குச் சூடு; சளி பிடித்தால் நண்டு ரசம் வைப்போம். அவர்களுக்கு நண்டு கடும் குளிர்ச்சி. அதனால்தான் இஞ்சியோடு சமைக்கிறார்கள். வீட்டுப் பழக்கத்தை வைத்து நீங்களாக மொழிபெயர்த்துக்கொண்டால் என் கதைதான்.

3. யாரிடம் போவது

மருந்து விற்கும் கடை வேறு, பதிவு பெற்ற மருத்துவர் வேறு. சில கடைகளின் பின்னறையில் மருத்துவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் எடை போடுகிறவர் மருத்துவர் அல்லர். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் அதற்கான வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் பதிவு தெரியும். இரண்டு நிமிட வேலை. இரண்டு வகைப் பதிவு உண்டு என்பதையும் கவனியுங்கள். 'மருத்துவர்' என்றால் மருந்து எழுதித் தரலாம். 'அக்குபங்சர்' மட்டும் என்றால் ஊசி சிகிச்சை மட்டும்தான். தொழில் செய்வதற்கான நடப்புச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் அறநிறுவனங்கள் நடத்தும் மருந்தகங்கள் இருக்கின்றன. சின் சுவீ சாலையில் இருக்கும் தோங் சாய் 1867இல் தொடங்கியது. இனம், மதம் பாராமல் இலவசமாகப் பார்ப்பதே அதன் கொள்கை. தோ பாயோவில் சுங் ஹுவா இருக்கிறது. சிராங்கூன் சாலையில், லிட்டில் இந்தியாவிலிருந்து அதே சாலையில் மேலே போனால் குவோங் வாய் ஷியூ. தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் நாம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருப்போம், உள்ளே போயிருக்க மாட்டோம். இந்த மாதிரி இடங்களில் கூட்டம் அதிகம். காலையில் சீக்கிரம் போய் எண் வாங்குங்கள். பாதி நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மொழிதான் பெரிய தடை. தனியார் மருந்தகத்தில் ஆங்கிலம் பேசும் மருத்துவர் வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடலாம். அற மருந்தகத்துக்கு முதல் முறை போகும்போது மாண்டரின் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. எனக்கு அந்த அங்கிள்தான் வந்தார். என் வயிற்று விவரம் எல்லாம் அவருக்கும் தெரிந்துபோனது, அது வேறு விஷயம்.

4. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டை. அது இல்லாமல் பதிவு நடக்காது.

நீங்கள் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. ஊரிலிருந்து கொண்டுவந்த சூரணம், லேகியம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் சோம்பல் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குத் தாங்குய், தான்ஷென் போன்ற வேர்கள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். சீன மருந்துக் கலவைகளில் அடிக்கடி சேர்வது அதிமதுரம். நமக்குப் பழகிய பொருள்தானே என்று தோன்றும். நீண்ட நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஜின்செங் எடுப்பதற்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் அதுவும் வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் அளவுகள் அதில் இருந்தால் மிக நல்லது.

குழந்தைக்காகப் போகிறீர்கள் என்றால் ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகள் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறை) உண்டா என்று பாருங்கள். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைச் சோதித்துவிடுவார்கள். உடல்நலப் பதிவேட்டில் குறிப்பு இருக்கும். இந்தக் குறைபாடுள்ள சிசுக்களுக்கு மஞ்சள் காமாலை முற்றும் என்று ஹுவாங்லியான் என்ற கசப்பு வேரை 1978இல் இங்கே தடை செய்தார்கள். நெடுங்காலம் கழித்தே தடை நீங்கியது. குறைபாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

சைவம் என்றால் ஒரு தாளில் சீன மொழியில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் மண்புழு வரலாம், சிள்வண்டு ஓடு வரலாம், கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை வரலாம். தூளாக அரைத்துக் கொடுத்துவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. முன்கூட்டிச் சொன்னால் மாற்று மூலிகை எழுதிக் கொடுப்பார்கள். மருத்துவர் யாரும் இதற்கு முகம் சுளித்ததாக நான் பார்க்கவில்லை.

5. போகும் நாள் காலையில் நாக்கு வழிக்காதீர்கள்

இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. பல் தேய்த்ததும் நாக்கை வழித்துத் துப்பினால்தான் நமக்குப் பல் தேய்த்த மாதிரி இருக்கும். சின்சே முதலில் பார்ப்பதே நாக்கைத்தான். அதன் மேல் படிந்திருக்கும் படலத்தின் நிறமும் தடிப்பும் அவருக்கு வேண்டும். நான் பளபளவென்று வழித்துக்கொண்டு போய் நீட்டினேன். அவர் இரண்டு முறை உற்றுப் பார்த்துவிட்டு அங்கிளிடம் ஏதோ கேட்டார். "இவன் நாக்கைச் சுரண்டுகிறானா?" என்பதுதான் கேள்வி.

ஆகவே அன்றைக்கு நாக்கு வழிக்க வேண்டாம். காபி, மஞ்சள் தூக்கலான சாம்பார், வெற்றிலை எதுவும் வேண்டாம்; நிறம் ஒட்டிக்கொள்ளும். படியேறி ஓடி வந்து கையை நீட்டாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தபின் நாடி பார்க்கட்டும். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து இரண்டு கையிலும் பார்ப்பார்கள்.

ஊசி சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு போகக் கூடாது. தலைசுற்றி விழுகிறவர்கள் பெரும்பாலும் பட்டினியாக வந்தவர்கள்தான். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் இருக்கிற நாளில் நேரம் வாங்காதீர்கள். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா, உறையைப் பிரிக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். கப் வைத்து உறிஞ்சினால் முதுகில் வட்ட வட்டமாகக் கன்றிப்போகும். ஒரு வாரம்வரை இருக்கும். வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

6. தூளா, மூலிகையா?

இரண்டு வகையாகக் கிடைக்கும். காய்ச்சி வடித்து உலர்த்திய தூள், சின்னப் பொட்டலமாக. வெந்நீரில் கலக்கிக் குடித்தால் முடிந்தது. மற்றது மூலிகையாகவே எடை போட்டுக் கட்டிக் கொடுப்பது. வாடகை அறையில் இருக்கிறவர்கள் தூளே வாங்குங்கள். நான் அந்த 68 வெள்ளிப் பொட்டலத்தை முதன்முதலாகக் காய்ச்சிய நாள் நினைவிருக்கிறது. அறைக்காரர்கள் மூன்று பேரும் அன்று வெளியே போய்ச் சாப்பிட்டார்கள்.

காய்ச்சியே தீருவேன் என்றால் மண்சட்டி வேண்டும், அல்லது எவர்சில்வர். இரும்பு, அலுமினியம் கூடாது. அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை சிறு தீயில் வைக்க வேண்டும். நம் கஷாயம் மாதிரிதான். சில பொருள்களைத் தனியாக மடித்துக் கொடுப்பார்கள். புதினா வகையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட வேண்டும். சிப்பி, கல் வகையை முதலிலேயே போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பாதி வீண்.

மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது ஒன்று, இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. சின்சேயே நிறுத்தச் சொன்னாலும் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

பத்தியமும் உண்டு. எனக்கு ஐஸ், வேகவைக்காத காய்கறி, தர்பூசணி கூடாது. சுக்குக் காபி குடிக்கலாமா என்று கேட்டேன். காபி இல்லாமல் குடி என்றார்.

7. எவ்வளவு செலவாகும்

என் கணக்கைச் சொல்கிறேன், அதை வைத்து ஊகித்துக்கொள்ளுங்கள். தனியார் மருந்தகத்தில் பார்ப்பதற்கு ஒரு முறைக்கு 25 வெள்ளி. தூள் நாளொன்றுக்கு 6 வெள்ளி. முதல் முறை 7 நாளுக்கு, பிறகு இரண்டு முறை 14 நாளுக்கு. இரண்டு தடவை ஊசி, தடவைக்கு 50 வெள்ளி. மொத்தம் 385 வெள்ளி. முதலிலேயே 14 நாள் மருந்து வாங்காதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் திருப்பித் தர முடியாது. பத்து முறை ஊசிக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

யார் திருப்பித் தருவார்கள்? ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு முதலாளி கட்டாயமாக எடுக்கும் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. சின்சே செலவுக்கு அல்ல. சில நிறுவனங்கள் தனியாகச் சீன மருத்துவத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கும். போவதற்குமுன் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ரசீதில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கடை பில்லைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனக்கு அனுப்பினார்கள்.

இதைவிட முக்கியம் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று. சின்சே கொடுக்கும் எம்சியை முதலாளி ஏற்றாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஏற்பது அவர் விருப்பம். என் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பானது இப்படித்தான். லீவு தேவைப்படும் அளவுக்கு முடியவில்லை என்றால் சாதாரண கிளினிக்குக்கே போங்கள்.

8. ஆண்டில் குறித்து வைக்க வேண்டிய நாள்கள்

குதிரை, பாம்பு எல்லாம் சந்திரனை ஒட்டிய கணக்கு. மருத்துவர்கள் பார்ப்பது சூரியனை ஒட்டி ஆண்டை 24 ஆகப் பிரிக்கும் கணக்கை. நாள்காட்டியில் குறிக்க வேண்டியது இதைத்தான்.

ஜூலை 15, 25, ஆகஸ்ட் 14: 'சான்ஃபூ' என்னும் உச்ச வெப்பக் காலத்தின் மூன்று கட்டங்கள் தொடங்கும் நாள்கள். ஆகஸ்ட் 23 வரை மொத்தம் 40 நாள். தும்மல், மூக்கடைப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வெள்ளைக் கடுகு முதலியவற்றை இஞ்சிச் சாற்றில் குழைத்து முதுகில் பற்றுப் போடுவார்கள். குளிர்கால நோய்க்குக் கோடையில் மருந்து என்பது யோசனை. இந்த முறை நடுக்கட்டம் 20 நாள் நீள்வதால் சில இடங்களில் ஆகஸ்ட் 4 அன்று கூடுதலாக ஒன்று போடுவார்கள். ஜூன் கடைசிக்குள் இடம் பதிவு செய்யுங்கள். பற்று சில மணி நேரத்துக்குத்தான். எரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கொப்புளம் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். கர்ப்பிணிகள், காய்ச்சல் உள்ளவர்கள், தோல் புண் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது.

நவம்பர் 7: 'லீதோங்', குளிர்காலத் தொடக்கம். உடம்பைத் தேற்றும் சத்து மருந்துகளைச் சீனர்கள் தொடங்கும் நாள். மறுநாள் நமக்குத் தீபாவளி! சுக்கும் மிளகும் திப்பிலியும் போட்ட லேகியம் ஒரு பக்கம், ஜின்செங் சூப் மறுபக்கம் என்று இரண்டையும் ஏற்றினால் வாய்ப்புண் நிச்சயம். ஒன்றைத் தள்ளிப்போடுங்கள். சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது, பிறகு எதற்கு என்று சின்சேயிடம் கேட்டேன். "உனக்கு வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

டிசம்பர் 22: 'தோங்ஜீ'. குளிர்காலப் பற்று இந்த நாளில் தொடங்கும். கோடைப் பற்று ஒத்துக்கொண்டவர்கள் மட்டும் யோசித்தால் போதும்.

2027 பிப்ரவரி 6: அடுத்த புத்தாண்டு. மருந்தகங்களும் மூலிகைக் கடைகளும் பல நாள் மூடியிருக்கும். புத்தாண்டின் முதல் நாள் மருந்து காய்ச்சினால் ஆண்டு முழுக்க நோய் என்று நம்புவதால் அன்றைக்கு யாரும் மருந்து கேட்கவும் மாட்டார்கள். ஜனவரி கடைசியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

9. எப்போது சின்சேயிடம் போகக் கூடாது

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் இழுப்பது, மூன்று நாளுக்குமேல் காய்ச்சல், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி அல்லது அரசு கிளினிக்கான பாலிகிளினிக். மருந்து தொடங்கியபின் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு, மருந்துப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இணையத்தில் மலிவாக வரும் பெயரில்லாக் குளிகைகளை வாங்கவே வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு கலந்தவை பிடிபட்டிருக்கின்றன. சுகாதார அறிவியல் ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடும், பாருங்கள்.

என் தும்மல் முழுதாகப் போகவில்லை. வயிறு சரியாகிவிட்டது, தூக்கம் பரவாயில்லை. கோடைப் பற்று ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று மூன்று நாளுக்கும் இடம் பதிவு செய்து, அந்த நாள்களில் பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். ஜூலை 15க்குச் சரி என்றார்கள். மற்ற இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை.